மிதிச்சா ஜாஸ்தி, விட்டா கம்மி

இந்தக் காலத்தில் எவனும் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்வதில்லை. போனை எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறான். வழி கேட்டால் மேப்பு. விலை கேட்டால் படம். உடம்புக்கு என்ன என்று கேட்டால்கூட ஸ்கேன் எடுத்த போட்டோ. வேலாயுதம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நாப் திருப்ப ஒரு ஆள் கிடைக்குமாடா?" அதற்கு ஆல்வின் போனை நீட்டினான். அதில் ஒரு வெள்ளைக்காரன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, காலால் எதையோ மிதித்து மிதித்து வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது? வெல்டிங் அடிக்கிறானா, துணி தைக்கிறானா?"

"கால்லயே கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கிறான் பெரிப்பா. இதுக்குப் பேரு பெடல்."

"ஏன், அவனுக்குப் பொண்டாட்டி இல்லையா?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. மாதனூர் ரோட்டோரத்தில் இருக்கும் அவருடைய பட்டறையில் அந்த வேலையை இருபத்தாறு வருஷமாகச் செய்துவருபவள் அவர் மனைவி அமிர்தவள்ளிதான்.

வாணியம்பாடியில் மூடிப்போன ஒரு தோல் டேனரியிலிருந்து வாங்கிவந்த டிக் வெல்டிங் மெஷின் அது. பச்சை பெயின்ட் அடித்த பீரோ மாதிரி இருக்கும். மூணு பேஸ் கரன்ட் பின்சுவரில்தான் வருகிறது என்பதால் அதை அங்கேதான் நிறுத்த முடிந்தது. வெல்டிங் மேஜையோ வெளிச்சத்துக்காக வாசல் பக்கம். கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழான நாப் மெஷினில்தான் இருக்கிறது. நடுவில் பன்னிரண்டு அடி. மெல்லிசுத் தகடு ஒட்டும்போது சூடு ஏறினால் கரன்ட்டைக் குறைக்க வேண்டும், மூலை திரும்பும்போது கொஞ்சம் கூட்ட வேண்டும். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கம்பி, முகத்தில் ஷீல்டு. மூன்றாவது கைக்கு வேலாயுதம் எங்கே போவார்?

அதனால் கத்துவார். "கம்மி!"

மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அமிர்தவள்ளி, "வச்சிட்டேன்" என்பாள்.

"ஜாஸ்தி!"

"வச்சிட்டேன்."

"இன்னா இவ்ளோ? போதும், போதும்!"

"சரி, குறைச்சிட்டேன்."

அவ்வளவுதான். எவர்சில்வர் தகட்டில் ஒட்டு, ஷூ தையல் மாதிரி வரிசை வரிசையாக வந்து விழும். அதைப் பார்ப்பதற்கென்றே டேனரி ஆட்கள் நின்றுவிட்டுப் போவார்கள்.

அந்த அமிர்தவள்ளி ஐந்து நாளாக ஊரில் இல்லை. மகள் ஷர்மிளாவுக்கு வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் இரண்டாவது பெண் பிறந்திருக்கிறது. கிளம்பும்போதே அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். "நான் வர்ற வரைக்கும் கேட்டு, கிரில்லு மட்டும் பாருங்க. ஸ்டீல் வேலை எதையும் தொடாதீங்க."

யார் கேட்டது? நேற்று சாயந்திரம் நிசார் அஹமது வந்து நின்றார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பினிஷிங் யூனிட்டில் மேனேஜர். தோலுக்குக் கலர் அடிக்கும் ஸ்பிரே மெஷினுக்கு அடியில் வைக்கும் ட்ரே இரண்டைக் கொண்டுவந்திருந்தார். தகடு வெட்டி மடித்தாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் நாலு மூலையை ஒட்ட வேண்டும்.

"வேலாயுதண்ணே, மொத்தம் நாப்பது ட்ரே வேணும். ஆனா ஒரு பேஜார். சின்ன முதலாளி புதுசா பொறுப்புக்கு வந்திருக்காரு. பைபாஸ்ல புது மெஷின் போட்டிருக்கற கடையிலயும் ரெண்டு குடுத்திருக்காரு. உங்ககிட்டயும் ரெண்டு. ரெண்டுல ஒண்ணு தேறினாக்கூடப் போதும். நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்து கலர் தண்ணி ஊத்திப் பார்ப்பேன்."

"ஒழுகினா?"

நிசார் அஹமது தாடியைத் தடவினார். "ஒரு சொட்டு கசிஞ்சாலும் இனிமே யூனிட் வேலை எல்லாம் பைபாஸ் கடைக்குத்தான்னு சொல்லிட்டாரு. என் கையில ஒண்ணும் இல்லண்ணே."

"உங்க யூனிட்ல மொத டிரம் சுத்தினப்போ அதுக்கு வளையம் ஒட்டினவன் நானு."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே. அவரு அப்ப பொறக்கவே இல்லியே."

அந்த யூனிட் வேலை போனால் வேலாயுதத்துக்கு மிஞ்சுவது வீட்டு கேட்டும் ஜன்னல் கம்பியும்தான். அதைக் கைக்குழந்தைகூட ஒட்டும். அறுபத்தேழு வயதில் போய் ஜன்னல் கம்பி ஒட்டிக்கொண்டு உட்கார அவர் தயாராக இல்லை.

காலையில் எதிர் டீக்கடை லோகநாதனைக் கூப்பிட்டு மெஷினருகில் நிறுத்தினார். கழிவுத் தகடு ஒன்றை எடுத்து ஒட்டிப் பார்த்தார். "கம்மி!" என்றார். "கம்மி பண்ணிட்டேன் நைனா!" என்றார் லோகநாதன். தகட்டில் ஓட்டை விழுந்தது. 

"அது கம்மியாய்யா? உனக்குக் கையில நரம்பு இருக்கா இல்லையா? ஒரு பொம்பள பண்ற வேலை வரல உனக்கு!"

"அப்ப ஒரு பொம்பளையையே கூப்பிட்டுக்கோ" என்று லோகநாதன் தன் மனைவி கமலவேணியை அனுப்பினார். அவள் திருப்பியதில் இரண்டு ஓட்டை. "இந்தம்மா, நீ போய் டீயே ஆத்து" என்று அவளையும் அனுப்பிவிட்டார்.

அதன் பிறகுதான் ஆல்வின் வந்தான். ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் மெக்கானிக். முப்பத்தைந்து வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் வார லீவில் சும்மா இருக்கத் தெரியாதவன். வேலாயுதத்தின் மெஷினுக்கு ஒரு பெடல் மாட்டிவிட வேண்டும் என்று அவன் இரண்டு வருஷமாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்குப் பையிலேயே கொண்டுவந்துவிட்டான். ஸ்டிச்சிங் மெஷினின் பழைய இரும்புப் பெடல். அதன் அடியில் ரேடியோ வால்யூம் மாதிரி ஒரு சமாசாரம், அதிலிருந்து நீளமாக ஒரு ஒயர்.

"கம்பெனியில திருடினியா?"

"ஸ்கிராப்புல எடுத்தது பெரிப்பா. கேட் பாஸ் இருக்கு."

"காட்டு."

ஆல்வின் நிஜமாகவே கேட் பாஸைக் காட்டினான். வேலாயுதம் சீலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மை உதிரவில்லை. சரி என்று விட்டார்.

"மெஷினைப் பிரிச்சுக் கிரிச்சு வச்சே, தோலை உரிச்சிருவேன்."

"பிரிக்கவே வேணாம். பின்னாடி இதுக்குன்னே சாக்கெட் இருக்கு பாருங்க. பக்கத்துல ஒரு சுவிட்ச். மேல தள்ளினா முன்னாடி இருக்கற நாப் வேலை செய்யும். கீழ தள்ளினா பெடல் வேலை செய்யும். இருபத்தாறு வருஷமா இது சும்மாவே கிடக்குது."

"யார் சொன்னது சும்மா கிடக்குதுன்னு? வெள்ளிக்கிழமை அதுலதான் உங்க பெரிம்மா ஊதுவத்தி சொருகுவா."

ஆல்வின் சாக்கெட்டிலிருந்து கரிந்துபோன ஊதுவத்திக் குச்சிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஊதித் துடைத்து ஒயரை மாட்டினான். பெடலைக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில் வைத்தான். ஸ்டூல் ஒன்றும் போட்டான்.

வேலாயுதம் அந்த ஸ்டூலை வெறுப்போடு பார்த்தார். உட்கார்ந்துகொண்டு வெல்டிங் அடிப்பதா? ஆனாலும் உட்கார்ந்தார். ஷீல்டை இறக்கினார். பெடலில் லேசாகக் காலை வைத்தார்.

டார்ச்சின் முனையில் நெருப்பு ஒரு மல்லிகை மொட்டு மாதிரி நின்றது.

கொஞ்சம் அழுத்தினார். பூவாக விரிந்தது. விட்டார். மறுபடியும் மொட்டு.

"டேய்!" என்று ஷீல்டுக்குள்ளிருந்து கத்தினார். "கேக்குதுடா! சொன்ன பேச்சு கேக்குதுடா!"

"நான்தான் சொன்னேனே பெரிப்பா!"

இவ்வளவு சீக்கிரம் சொன்ன பேச்சு கேட்கும் எதையும் வேலாயுதம் நம்பியவர் இல்லை. ஆனால் இந்த மொட்டையும் பூவையும் பார்த்ததில் அவருக்கே வயசு இருபது குறைந்த மாதிரி இருந்தது. சோதனைத் தகடு எதற்கு என்று முதல் ட்ரேயையே எடுத்து வைத்தார். முதல் மூலை. ஒரு அங்குலம் ஓடியது. இரண்டு அங்குலம். தகடு சூடேறிச் சிவந்தது. குறைக்க வேண்டும் என்று மூளை சொன்னது.

அவருடைய வலது கால் முப்பது வருஷமாக மொபெட் ஓட்டிய கால். ஆபத்து என்றால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஓங்கி மிதித்தது.

மெஷின் யானை மாதிரிப் பிளிறியது. மூலையில் ஒரு கொய்யாப்பழம் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"பெரிப்பா! மிதிச்சா ஜாஸ்தி!"

"மிதிச்சா வண்டி நிக்கும்டா! உலகத்துல எங்கடா மிதிச்சா ஜாஸ்தி ஆவுது?"

"கார்ல ஆவுமே…"

"நான் இன்னா கார் வச்சிருக்கேனா?"

ஆல்வினுக்கு அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. "சரி, உங்க கால் எப்படியோ அப்படியே பண்ணிடலாம். ரெண்டு ஒயரை மாத்திட்டா மிதிச்சா கம்மி, விட்டா ஜாஸ்தி."

பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டான். வேலாயுதம் வேண்டுமென்றே பெடலை மிதித்து, டார்ச்சைப் பற்றவைத்து, தகரத் துண்டு ஒன்றில் பார்த்தார். மிதித்தால் கம்மி. உலகம் மறுபடியும் ஒழுங்காக இருந்தது. "இதான் முறை" என்றார். "அந்த வெள்ளைக்காரனுக்கும் சொல்லு."

இரண்டாவது மூலை. ட்ரேயைத் திருப்பி வைத்தார். வேலை மும்முரத்தில் ஸ்டூல் கீலெல்லாம் மறந்துபோய், வழக்கம்போல எழுந்து நின்றுகொண்டே பற்றவைத்தார். கால் தரையில் இருந்தது. பெடல் மேல் யாரும் இல்லை.

விட்டால் ஜாஸ்தி.

டார்ச்சின் டங்ஸ்டன் ஊசி உருகி, சின்னக் கோலிக்குண்டாகி மேஜையில் தெறித்தது. தகடு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரிச் சுருண்டது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர் டம்ளரைக் கீழே போட்டார்.

"இது பெடலாடா? சூனியம்டா இது!"

"நீங்க உட்கார்ந்திருக்கணும் பெரிப்பா!"

"உட்கார்ந்தா ஓட்டை, நின்னா நெருப்பு. நான் இன்னா படுத்துகிட்டு அடிக்கணுமா?"

ஆல்வின் தலையைச் சொறிந்தான். மெக்கானிக் புத்தி விடுமா? ஒயர்களைப் பழையபடி மாற்றினான். பையிலிருந்து ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் கால் ஒன்றை எடுத்துப் பெடலுக்கு அடியில் செருகினான். இனி எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் பெடல் பாதிக்கு மேல் இறங்காது. 

"இப்ப யானையே வந்து மிதிச்சாலும் ஜாஸ்தி ஆவாது பெரிப்பா."

ஊசியை மாற்றித் தீட்டி, வேலாயுதம் மூன்றாவது மூலையைத் தொட்டார். இந்த முறை ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சை அடக்கி. ஓடியது. அழகாக ஓடியது. சாயந்திர ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகப் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"தாத்தா உட்கார்ந்துகிட்டே அடிக்கிறாரு பாருடா."

"எங்க லைன்ல சேர்த்துக்கலாமா தாத்தா? ஸ்டிச்சிங்ல ஆள் கம்மி."

"கண்ணைப் பொத்துங்கடா, நெருப்பைப் பார்க்காதீங்க" என்று வேலாயுதம் ஷீல்டுக்குள்ளிருந்து அதட்டினார். அதட்டலில் சந்தோஷம் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு அங்குலம் பாக்கி.

பட்டறைத் தரை பல வருஷத்து எண்ணெய் குடித்த தரை. பெடல் மெல்ல நழுவியது. வேலாயுதத்தின் கால் அதைத் தேடிப் போனது. பெடல் இன்னும் தள்ளிப் போனது. கால் இன்னும் நீண்டது. இடுப்புக்கு மேலே ஒரு ஆள் அசையாமல் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே இன்னொரு ஆள் கோழி பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்டூல் சாய்ந்தது. விழாமலிருக்க அவர் மேஜையைப் பிடிக்க, டார்ச் கீழே வழுக்கி, ட்ரேயின் மூலையை மேஜையோடு சேர்த்து ஒட்டிவிட்டது.

வாசலில் கைத்தட்டல். விசில்.

"மேஜையோட சேர்த்து டெலிவரியா தாத்தா?"

கம்பெனி பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போன பிறகும் வேலாயுதம் உளியும் சுத்தியலுமாக ட்ரேயைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"மணி மூணரை" என்றார் டீ கொண்டுவந்த லோகநாதன். 

வேலாயுதம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை லோகநாதனின் காலில் போய் நின்றது.

"உட்காருய்யா அங்க."

"எதுக்கு?"

"பெடலை நீ மிதி. நான் சொல்றப்ப மிதி, சொல்றப்ப விடு."

"காலையில நாப் திருப்ப லாயக்கில்லைன்னு துரத்தினே. இப்ப கால் மட்டும் லாயக்காயிடுச்சா?"

"கைக்குத்தானே நரம்பு இல்ல. காலைப் பார்ப்போம்."

ஆல்வின் வாய் திறந்தான். கையை மிச்சம் பண்ணுவதற்காகத்தான் பெடல். அந்தப் பெடலை மிதிக்க இன்னொரு ஆளை உட்கார வைத்தால் அப்புறம் எதற்குப் பெடல்? ஆனால் பெரியவரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

நாலாவது மூலை.

"கம்மி!" என்றார் வேலாயுதம். அந்த நொடியே லோகநாதன் காலை எடுத்தார். நெருப்பு ஒடுங்கியது. "ஜாஸ்தி!" என்றார். அந்த நொடியே மிதித்தார். நெருப்பு எழும்பியது. கம்மி, ஜாஸ்தி, கம்மி, ஜாஸ்தி. லோகநாதன் ஒருமுறைகூடத் தப்பவில்லை. கடைக்கு வந்த ஆள் "அண்ணே ரெண்டு டீ" என்றபோதுகூட அவர் திரும்பவில்லை.

ஷீல்டைத் தூக்கிப் பார்த்தால் ஒரு இடத்தில் கட்டி, ஒரு இடத்தில் பொத்தல், ஒரு இடத்தில் ஒட்டவே இல்லை. அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே?"

"நீ சொன்னதைத்தானே செஞ்சேன்! சொன்ன உடனே செஞ்சேன்!"

"அதான் தப்பு! சொன்ன உடனே எதுக்குச் செய்றே? அமிர்தம் செஞ்சா சூடு இருக்கற இடம் தெரியாம மெதுவா இறங்கும். நீ செஞ்சா திடுதிப்புன்னு விழுது. அவ திருப்பறா, எனக்கே தெரியாது. நீ மிதிக்கிறே, ஊருக்கே தெரியுது!"

லோகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "உன் பொண்டாட்டி கால்ல விழுந்துதான் கத்துக்கணும் போல."

முதல் ட்ரே முடிந்தது. நாலு மூலையும் போய்விட்டது. இன்னும் ஒன்றுதான் மிச்சம். மணி நாலேகால். வேலாயுதம் அந்த ஒற்றை ட்ரேயைக் கையில் எடுத்தார். பைபாஸ் கடைக்காரன் இந்நேரம் ஒட்டி முடித்துப் பாலிஷே போட்டிருப்பான். 

"கழட்டுடா அதை" என்றார்.

"பெரிப்பா, பழக்கம்தான். ஒரு வாரம் பழகினீங்கன்னா…"

"அஞ்சு மணிக்கு வர்றவர்கிட்ட ஒரு வாரம் டயம் கேக்கறியா? கழட்டு! பழையபடி நாப்புக்கு மாத்து. லோகநாதா, போனை எடு. அமிர்தத்தைக் கூப்பிடு."

ஆல்வின் பெடல் ஒயரைப் பிடுங்கி, சுவிட்சை மேலே தள்ளினான். போனில் மணி அடித்தது. அந்தப் பக்கம் முதலில் குழந்தை அழும் சத்தம். அப்புறம்தான் அமிர்தவள்ளி.

"அமிர்தம், கிளம்பி வா. இப்பவே பஸ் ஏறு."

"இன்னாங்க ஆச்சு? டாக்டரம்மா பார்க்க வர்ற நேரம். நான் எப்படி வருவேன்?" அவள் குரல் சட்டென்று மாறியது. "ஸ்டீல் வேலையை எடுத்துட்டீங்களா?"

வேலாயுதம் கையிலிருந்த ட்ரேயைத் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லிட்டுத்தானே வந்தேன்? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"நிசார் பாய் வந்தாருடி. அஞ்சு மணிக்குக் காட்டணும். ஒழுகினா யூனிட் வேலையே போய்டும். இந்த ஆல்வின் பய ஒரு பெடலைக் கொண்டாந்து மாட்டி, ஒரு ட்ரேயை நாசம் பண்ணிட்டான். இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

அந்தப் பக்கம் அவள் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"சரி. போனை ஸ்பீக்கர்ல போடுங்க. மெஷின் மேல வைங்க. லோகநாதண்ணன் நாப் மேல கைய வச்சுகிட்டு நிக்கட்டும். நீங்க எப்பவும்போல கத்துங்க. நீங்க கத்தறது எனக்குப் புரியும். எவ்ளோ திருப்பணும்னு நான் அவருக்குச் சொல்றேன்."

"வாணியம்பாடியில இருந்துகிட்டா?"

"சத்தம் கேக்குமில்ல? சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சுடும்."

"பெரிம்மா, பெடல்லயே இன்னொரு தடவ…" என்றான் ஆல்வின்.

"நீ கொஞ்சம் சும்மா இரு ஆல்வின். யார் எதை மாட்டினாலும் உங்க பெரிப்பா அதைச் சந்தேகப்பட்டே கெடுத்துடுவாரு."

வேலாயுதத்துக்கு இதிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கை இல்லாமலே செய்து பார்க்க வேறு வழியும் இல்லை. ட்ரேயை மேஜையில் வைத்தார். காலை அகட்டி நின்றார். ஸ்டூலை எட்டி உதைத்தார். ஷீல்டை இறக்கினார்.

நெருப்பு எழுந்தது. 

"கம்மி!"

"வச்சாச்சு" என்றது மெஷின் மேலிருந்த போன்.

தகடு இளகி, கூடி, பின்னால் வெள்ளியாக உறைந்துகொண்டே வந்தது. பின்பக்கமிருந்து லோகநாதன், "அம்மா அமிர்தம், இது வந்து…" என்று ஏதோ ஆரம்பித்தார்.

"பேசாதீங்க அண்ணே. கைய எடுக்காம அப்படியே நில்லுங்க."

"ஜாஸ்தி!" என்றார் வேலாயுதம்.

"வச்சாச்சு… ஏ குட்டி, அழாதடி, தாத்தா வேலை செய்றாரு இல்ல?"

"இன்னா இவ்ளோ? போதும், போதும்!"

"சரி, குறைச்சாச்சு."

ஒரு மூலை முடிந்தது. அவர் ஷீல்டைத் தூக்கவில்லை. தூக்கினால் போய்விடும் என்ற பயம். ட்ரேயைத் திருப்பினார். இரண்டாவது மூலை. மூன்றாவது. கம்மி, வச்சாச்சு, ஜாஸ்தி, வச்சாச்சு. நடுவில் வாணியம்பாடியில் ஒரு நர்ஸ் "யாரும்மா இங்க போன்ல கத்தறது?" என்று அதட்டினாள். "என் வீட்டுக்காரருதான், வெல்டிங் அடிக்கிறாரு" என்றாள் அமிர்தவள்ளி. நாலாவது மூலை முடிந்தபோது வேலாயுதத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஷீல்டைத் தூக்கினார்.

ஆல்வின் குனிந்து பார்த்தான். விரலால் தடவிப் பார்த்தான். நாலு மூலையும் ஷூ தையல்.

ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது நிசார் அஹமதுவின் வேன் வந்து நின்றது. இறங்கியதும் தரையில் வெள்ளைப் பேப்பரை விரித்தார். அதன் மேல் ட்ரேயை வைத்தார். பாட்டிலிலிருந்து சிவப்புக் கலர் தண்ணியை ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வேலாயுதம் ட்ரேயைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் அந்தப் பல்லியும் நகரவில்லை.

நிசார் அஹமது ட்ரேயை மெதுவாகத் தூக்கினார். பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாலு மூலையின் அடியிலும் துடைத்தார். கைக்குட்டையும் வெள்ளை.

"மாஷா அல்லா!" என்று வேலாயுதத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பைபாஸ் கடை ட்ரே மத்தியானமே ஒழுகிடுச்சுண்ணே! புது மெஷினாம், புது மெஷின்! நாளைக்குக் காலையில மிச்ச ட்ரே எல்லாம் வண்டியில வந்துடும். சின்ன முதலாளியையே கூட்டிட்டு வர்றேன், வந்து பார்க்கட்டும்!"

வேலாயுதம் சிரித்தார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. உடனே அதை அடக்கிக்கொண்டு ஆல்வின் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியாடா? எங்கயோ ஆஸ்பத்திரியில உட்கார்ந்துகிட்டு, நரம்பே இல்லாத இந்த லோகநாதன் கைய வச்சு, நூல் பிசகாம திருப்பிட்டா. அதுக்குப் பேரு கைப்பக்குவம். உன் பெடலுக்கு வருமா?"

"இல்ல பெரிப்பா, ஆனா பெடலையும் கொஞ்ச நாள்…"

"ஒரு மெஷின் கம்மின்னா கம்மி ஆவணும், ஜாஸ்தின்னா ஜாஸ்தி ஆவணும். அது நாப் திருப்பினாத்தான் ஆவும். கால் கீல் எல்லாம் ஏமாத்து வேலை. எடுத்துட்டுப் போய்டு."

பெடலைக் காலால் ஓரம் தள்ளினார். அந்த வெள்ளைக்காரனை அப்போதும் அவர் நம்பவில்லை. நிச்சயம் அவன் பொண்டாட்டி படத்தில் தெரியாத இடத்தில் எங்கேயோ நின்றுகொண்டிருந்திருப்பாள். ட்ரேயைத் தோளில் தூக்கிக்கொண்டு, நிசார் அஹமதுவிடம் நாப் திருப்புவதன் சூட்சுமத்தை விளக்கியபடியே வேனை நோக்கி நடந்தார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் லோகநாதன் மெஷின் பக்கத்திலிருந்து அசைந்தார். இறுக மூடியிருந்த உள்ளங்கையை விரித்தார். உள்ளே கறுப்பாக, வட்டமாக, நாப்.

"அம்மா அமிர்தம், லைன்ல இருக்கியா? மொத மூலையிலயே இது கையோட கழண்டு வந்துடுச்சும்மா. உள்ள தண்டு ஒடிஞ்சிருக்கு. நான் எதையுமே திருப்பல. அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

ஸ்பீக்கரில் அமிர்தவள்ளியின் குரல் ரகசியமாகத் தாழ்ந்தது.

"அது ஒடிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு அண்ணே, அவரு வர்றதுக்குள்ள அப்படியே சொருகி வச்சிடுங்க."